காற்றில்லாக் கடல்

ரயில் கிண்டியை விட்டுக் கிளம்பும்போது ஆரம்பித்த கேம் ஆலந்தூர் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு மூச்சு அளவுக்கு நிசப்தம், கட்டைவிரலால் ரெண்டு தட்டு, உடனே உள்ளங்கையில் அடங்கும் கைப்பெட்டியின் திரை முழுக்க வாணவேடிக்கை. 'வெற்றி! கோட்டை உங்கள் வசம்!' என்று எழுத்துகள் துள்ளிக் குதித்தன. எந்தக் கோட்டை, யாருடைய கோட்டை, அதைப் பிடித்து என்ன செய்யப்போகிறோம் என்று எதுவுமே தெரியாமல் தமயந்தி அதைப் பிடித்திருந்தாள்.

"இதெல்லாம் ஒரு கேமா? தும்மி முடிக்கிறதுக்குள்ள ஜெயிச்சுட்டேங்குது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பக்கத்து இருக்கைக்காரர் தன் கைப்பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல், "வேற ஒண்ணு போடுங்க மேடம். அதான் கொட்டிக் கிடக்கே" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவரும் எதையோ ஜெயித்திருந்தார். ரெண்டு தட்டு, வாணவேடிக்கை.

கொட்டித்தான் கிடந்தது. உட்கார்ந்திருந்தவர்கள், கம்பியைப் பிடித்துத் தொங்கியவர்கள், கதவோரம் சாய்ந்து நின்றவர்கள் என்று எல்லாரும் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். ஜெயித்த முகம் என்று ஒன்றுகூட அந்த ரயில் பெட்டியில் இல்லை.

தமயந்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வருவதற்கு நியாயம் இருந்தது. அவளுடைய தொழிலே கேமுக்குக் கதை எழுதுவதுதான். ஒரு காலத்தில் அவள் எழுதிய 'மரக்கலம்' என்ற கேமுக்காகப் பிள்ளைகள் சாப்பிடாமல் அடி வாங்கியதுண்டு. பூம்புகாரில் சரக்கேற்றிக்கொண்டு கடாரத்துக்குப் போகும் ஒரு கப்பலின் கதை. விளையாடுகிறவர்தான் மாலுமி. கடாரம் போய்ச் சேர நாற்பது மணி நேரம் விளையாட வேண்டும். பாதி வழியில் காற்று செத்துப்போகும். பாய் துவண்டு தொங்கும். கப்பல் இம்மி அசையாது. விளையாடுகிறவர் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கப்பலில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். சமையல்காரர் சாத்தையா அரிசி களைந்தபடியே, ஊரில் விட்டுவந்த மனைவியைப் பற்றி, கடனே என்று கற்றுக்கொண்ட சமையலைப் பற்றி எல்லாம் சொல்லுவார். நடுநடுவே வானத்தைப் பார்த்து, "காத்து வரும் மாலுமி. வராம எங்க போகும்?" என்பார்.

அந்தக் காற்றில்லாக் கடலை வெட்டச் சொல்லி அப்போதே ஆயிரம் பேர் சொன்னார்கள். தமயந்தி மசியவில்லை. பின்னால் அவளுக்கு எழுதியவர்கள் எல்லாரும் போரையும் புயலையும் மறந்துவிட்டு, சாத்தையாவைத்தான் நலம் விசாரித்தார்கள்.

அப்புறம் களைப்புக்கோடு வந்தது.

கைப்பெட்டியின் முகப்பில் மிளகளவு ஒரு கேமரா இருக்கும். விளையாடுகிறவரின் கண்ணையும் விரலின் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும். இந்த ஆள் இன்னும் கொஞ்ச நேரத்தில் களைத்துவிடுவார் என்று தோன்றியதும் கதையை அங்கேயே சுருக்கி, ஜெயிக்கவைத்து, முடித்துவிடும். அந்த வெட்டும் இடத்துக்குத்தான் களைப்புக்கோடு என்று பெயர். சலிப்பு வருவதற்குள் சந்தோஷமாக எழுந்து போகலாம். கேட்பதற்கு நல்ல யோசனைதான். ஆனால் வருஷத்துக்கு வருஷம் கோடு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. நாற்பது மணி நேரம் நாலு மணியாகி, அரை மணியாகி, கடைசியில் மூணு நிமிஷத்துக்கு வந்து நின்றது. கேமோடும் நிற்கவில்லை. பள்ளிக்கூடங்கள் அதே கோட்டை விலைக்கு வாங்கிப் பாடங்களை நறுக்கின. டாக்டர்கள் நோயாளியிடம் பேசும் பேச்சுக்குக்கூட இப்போது கோடு உண்டு. யாரைக் கேட்டாலும், "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை ஏது?" என்று ஒரே பாட்டு.

அந்தக் கோட்டைப் போட்ட புண்ணியவான் தமயந்தியின் கணவர் பூவராகன். அதுதான் அவளுக்கு ஆறாத வயிற்றெரிச்சல்.

சிறுசேரியில் கேம் நிறுவனத்தின் அலுவலகம். புது நிர்வாகி நிரஞ்சனா நல்ல பெண், தமயந்தியின் பாதி வயதுதான் இருக்கும். 'மரக்கலம்' வந்து இருபதாவது வருஷம் என்பதால் அதை முழுசாக மறுபடி வெளியிட வேண்டும் என்று அவளே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாள். தமயந்தி மாசக்கணக்கில் உட்கார்ந்து புதுசாகச் செதுக்கிக் கொடுத்தாள். அன்றைக்கு அதைச் சோதித்துப் பார்க்கும் நாள்.

கைப்பெட்டியில் ஏற்றினார்கள். பூம்புகாரில் நங்கூரம் எடுத்தார்கள். கடல் வந்தது. ஒரு அலை வந்தது. ஒரு நிசப்தம், ரெண்டு தட்டு, வாணவேடிக்கை. 'வெற்றி! கடாரம் வந்துவிட்டது!'

சாத்தையா வரவே இல்லை.

"பத்து பேரை வெச்சுப் பார்த்தாச்சு மேடம். எல்லாருக்கும் இதேதான்" என்றாள் நிரஞ்சனா. "கதை மேல தப்பு இல்ல. கோடு வெட்டிடுது."

"கோட்டை எடுத்துட்டு விடலாமே."

"அது எங்க கையில இல்ல. சார்தான் எடுக்கணும். ரெண்டு தடவை எழுதிக் கேட்டுட்டேன், முடியாதுங்கறாரு. ஏன்னு சொல்ல மாட்டேங்கறாரு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "நீங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். இந்த மாசத்துக்குள்ள முடியலைன்னா மேல இருக்கறவங்க இதை மொத்தமா கைவிட்டுடுவாங்க."

வீட்டில் ஒரு வார்த்தை கேட்பது என்பது அந்த வீட்டில் அவ்வளவு சுலபமில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே பிள்ளை நன்மாறன் பதினோரு வயதில் போய்விட்டான். பிறவியிலேயே இதயம் பலவீனம். கடைசி ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் அவனுக்கு வீடு. பகலில் தமயந்தி, சாயங்காலம் பூவராகன் என்று முறை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அவன் போன பிறகு இருவரும் சண்டை போடவில்லை, பிரியவும் இல்லை. பேச்சு மட்டும் குறைந்துபோனது. காபி போட்டாச்சா, கேஸ் வந்துச்சா என்கிற அளவில் குடித்தனம் ஓடியது. பூவராகன் வேலையில் போய்ப் புதைந்துகொண்டார். பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர் அந்தத் துக்கத்தில் ஊரிலுள்ள பிள்ளைகளின் விளையாட்டையெல்லாம் நறுக்கித் தள்ளுகிறார் என்றுதான் தமயந்தி நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்த தட்டுகள் மேசையில் இருக்கும்போதே ஆரம்பித்தாள்.

"கோட்டை எடுங்க."

"முடியாது, தமா."

"முடியாதா, மாட்டீங்களா?"

அவர் தட்டில் காய்ந்துபோன ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்பது மணி நேரக் கதை. மூணு நிமிஷத்துல கடாரமாம். என் சாத்தையா எங்க? என் கடல் எங்க? ஊரே பைத்தியம் பிடிச்சு ஓடுது. எதிர் வீட்டு யாழினி நேத்து எங்கிட்ட பேசிட்டே இருந்தவ, பாதி வாக்கியத்துல எழுந்து போயிட்டா. எட்டு வயசுப் பொண்ணு. அவ தப்பா அது? நீங்க பண்ணின வேலை." தன் தட்டைத் தள்ளி வைத்தாள். "மாறன்கூட அந்தக் கேமை முடிக்காமத்தான் போனான். என்னைச் சந்தோஷப்படுத்த, 'அம்மா, இன்னைக்குக் கடாரம் போனேன்'னு தினம் காலையில பொய் சொல்லுவான். நானும் நம்பின மாதிரி தலையாட்டுவேன். அவன் பார்க்காத கடாரத்தை மத்த பிள்ளைங்களாவது பார்க்கட்டும்னு நினைச்சேன். அதையும் விட மாட்டேங்கறீங்க."

பூவராகன் தலையை நிமிர்த்தினார்.

"அவன் பொய் சொல்லல" என்றார்.

எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பழைய கைப்பெட்டியை எடுத்துவந்தார். மூலையில் மீன் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. அதை யாருக்கோ கொடுத்துவிட்டதாக அவள் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

"சாயங்காலம் நான் போனதும் மரக்கலம் போடுவான். கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்கும். கண்ணு சொருகும். பாதியில பெட்டியை வெச்சுடுவான். வெச்சுட்டு அழுவான், தமா. 'தினம் தோத்துட்டே இருக்கேன்பா'ன்னு. எனக்குப் பொறுக்கல. அவன் கண்ணையும் விரலையும் பார்த்து, களைக்கறதுக்கு முன்னாடி கதையைச் சுருக்கிக் கடாரத்துல கொண்டுபோய் விடற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினேன். அவன்கிட்ட சொல்லல. முதல் நாள் கடாரம் வந்ததும் அவன் முகத்தைப் பார்க்கணுமே. அதுக்கப்புறம் தினம் போனான்."

"நான் எழுதின கடாரம் இல்லையே அது."

"அவனுக்கு அதுதான் கடாரம்."

தமயந்தி பழைய பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தினம் காலையில் அவன் அவ்வளவு ஆசையாகச் சொன்னதற்கு, இவள் பெரிய மனசு பண்ணித் தலையாட்டியிருக்கிறாள். கடாரத்தில் என்ன பார்த்தாய் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். அழுகை பொங்கியது. துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சரி. அது அவனுக்கு. ஊருக்கெல்லாம் எப்படிப் போச்சு?"

"நிறுவனத்துல பார்த்தாங்க, கேட்டாங்க, கொடுத்தேன். அதுல தப்பு இல்ல. எல்லாருக்கும் அவங்கவங்க களைப்புக்குத் தக்கபடி இருந்திருக்கும்." அவர் உட்கார்ந்தார். "புரோகிராம் எழுதும்போது ஓட்டிப் பார்க்க ஒரு மாதிரி ஆள் வேணும். சும்மா பேருக்கு ஒருத்தர். கடைசியில மாத்திக்கலாம்னு வெச்சுக்குவோம். நான் மாறனை வெச்சிருந்தேன். அவனுக்காக எழுதினதுதானே."

"அப்புறம் மாத்தலையா?"

"மாத்த வேண்டிய வாரத்துலதான் அவன் போனான். நான் லீவு. பசங்க அப்படியே வெளிய விட்டுட்டாங்க. மாதிரி ஆளை மாத்த மறக்கறது எங்க தொழில்ல வழக்கமா நடக்கற கூத்து. சாதாரணமா ஒண்ணும் ஆகாது."

"இதுல என்ன ஆச்சு?"

"ஒருத்தரைப் பத்திச் சரியாத் தெரியலைன்னா, பெட்டி மாதிரி ஆளைப் பார்த்துத்தான் முடிவு பண்ணும். அதனால கேம் கொஞ்சம் சின்னதாகும். சின்னதானா, அந்த ஆளைத் தெரிஞ்சுக்கப் பெட்டிக்கு நேரம் பத்தாது. தெரியலைன்னா மறுபடியும் மாதிரி ஆள்கிட்டயே வரும். இன்னும் சின்னதாகும். இப்படியே வந்து வந்து, எல்லாரும் மாறன் பக்கத்துல வந்து நின்னுட்டாங்க."

தமயந்திக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. "அந்த நிசப்தம்? ஜெயிக்கறதுக்கு முன்னாடி வருமே?"

"அவன் மூச்சு வாங்கிக்க நான் வெச்ச இடைவெளி."

"ரெண்டு தட்டு?"

"அவன் பழக்கம்தான். மூச்சு வாங்கிட்டு, 'ம், போலாம்பா'ன்னு கட்டைவிரலால ரெண்டு தட்டுத் தட்டுவானே. அதைப் பெட்டி கத்துக்கிட்டு எல்லார்கிட்டயும் கேக்குது."

ஆமாம், தட்டுவான். சாப்பாட்டுத் தட்டில், கட்டில் கம்பியில், அவள் முழங்கையில். பன்னிரண்டு வருஷமாக ஊர் முழுக்க அந்தத் தட்டலைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பெற்றவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"எனக்குத் தெரிஞ்சே நாலஞ்சு வருஷம்தான் ஆகுது" என்றார் பூவராகன். "ரயில்ல ஒருத்தன் விளையாடிட்டிருந்தான். முடியற இடம் எனக்குப் பழகின இடமா இருந்துச்சு. என் பெட்டியை எடுத்துக் கண்ணை மூடிட்டு விளையாடினேன். அதே இடம். அதே மூச்சு. நான் என்ன பண்ணியிருக்கணும், சொல்லு. மாதிரி ஆளை எடுத்தாத்தான் கோடு சரியாகும். எடுக்கறதுன்னா அவன் கண்ணு பார்த்தது, அவன் விரல் அழுத்தினது, எல்லாம் அழிஞ்சுடும். வேற எங்கயும் பிரதி இல்ல, எடுக்கவும் வழி இல்ல. ரயில்ல ஏறினா என் பிள்ளை பெட்டி முழுக்க மூச்சு விட்டுட்டிருக்கான். நான் எப்படி என் கையால அழிப்பேன்?"

தமயந்தி நாற்காலியை நகர்த்திப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநாள் கழித்து அவர் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் வெட்கமில்லாமல் அழுதார்கள்.

அழுது ஓய்ந்தபோது எதிர் வீட்டு யாழினி வாசலில் ஓடும் சத்தம் கேட்டது. ஓடினாள், நின்றாள், வேறு எதற்கோ ஓடினாள். கல்லுக்குண்டு மாதிரி ஆரோக்கியமான குழந்தை. ஒரு நாள் முழுக்க மூச்சு வாங்காமல் ஆடக்கூடிய உடம்பு.

"அவ உடம்புக்கு என்னங்க?" என்றாள் தமயந்தி மெல்ல. "நல்லா இருக்கற பிள்ளைக்கு எல்லாம் நம்ம பிள்ளையோட சீக்கை அளந்து கொடுத்துட்டோம். அவனுக்குத் தெரிஞ்சா ஒத்துக்குவானா? யாராவது பாதியில எழுந்து போனாலே அவனுக்குப் பிடிக்காது."

பூவராகன் பழைய கைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நீயும் கூட வரியா?" என்றார்.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து அலுவலகத்துக்குப் போனார்கள். நிரஞ்சனாவிடம் கோட்டைச் சரிசெய்கிறோம் என்று மட்டும் சொன்னார்கள். சரிசெய்வதற்கு ஒரு காபி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. 'மாதிரி ஆள் நீக்கப்படும். மீட்க முடியாது. தொடரலாமா?' என்று திரை கேட்டது. பூவராகன் கையை எடுத்துக்கொண்டார். தமயந்திதான் தொட்டாள். தன்னையறியாமல் ரெண்டு தட்டுத் தட்டினாள்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் ஒவ்வொரு கைப்பெட்டியிலும் அந்த ஒரு மூச்சு நிசப்தம் இல்லாமல் போயிருந்தது. பிள்ளையைத் திரும்ப ஒரு தடவை மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டு வந்த மாதிரிதான் இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் அன்றைக்கு இரவு அவர்கள் பேசிக்கொண்டார்கள். அவன் முதல் தடவை கடாரம் போன நாளன்று என்ன சட்டை போட்டிருந்தான் என்பது வரைக்கும் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

'மரக்கலம்' முழுசாக வெளிவந்தது. வெட்டு இல்லை, சுருக்கம் இல்லை. நிறுவனம் தடபுடலாக விளம்பரம் செய்தது. முதல் வாரமே லட்சக்கணக்கில் ஆட்கள் ஏற்றிக்கொண்டார்கள் என்று நிரஞ்சனா போனில் கூவினாள். சாத்தையா திரும்ப அரிசி களைய ஆரம்பித்துவிட்டார் என்று தமயந்திக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாராவது விளையாடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசையாக ரயிலேறினாள்.

எதிர் இருக்கையில் ஒரு அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும். தலையில் எண்ணெய் மினுங்க, கன்னம் உப்பி, நல்ல துடிப்பான குழந்தை. அவள் கைப்பெட்டியில் பாய் விரித்த கப்பல். தமயந்தி இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்தாள்.

புதிதாகச் செதுக்கியபோது சாத்தையாவை நலம் விசாரித்தவர்களின் ஆசைக்காகக் காற்றில்லாக் கடலைக் கதையின் தொடக்கத்திலேயே ஒரு சின்ன முன்னோட்டமாக வைத்திருந்தாள். அது வந்தது. பாய் துவண்டது. சாத்தையா பானையோடு வந்து உட்கார்ந்தார். பெட்டி அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

பெண் இரண்டு வரி கேட்டாள். அப்புறம் கட்டைவிரலைத் தூக்கினாள். ஒரு மூச்சு வாங்கினாள். திரையில் யாரும் கேட்காமலே ரெண்டு தட்டுத் தட்டினாள். பெட்டியைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"முடிஞ்சிடுச்சா கண்ணு?" என்றாள் அவள் அம்மா.

"முடிஞ்சிடுச்சும்மா."

"ஜெயிச்சியா?"

பெண் கொஞ்சம் யோசித்தாள். "ம்" என்றாள்.

தமயந்தி ரயில் பெட்டி நெடுக நிமிர்ந்து பார்த்தாள். கதவோரம் நின்ற ஒரு வாலிபன், மூலையில் உட்கார்ந்திருந்த இரண்டு மாணவிகள், சட்டைப்பையில் பேனா செருகிய ஒரு பெரியவர். கப்பல்கள் எல்லாம் நடுக்கடலில் நின்றுகொண்டிருந்தன. விரல் எழுந்தது, மூச்சு, ரெண்டு தட்டு. எந்தப் பெட்டியும் அவர்களை நிறுத்தவில்லை. இப்படித்தான் முடியும் என்று அவர்கள் இத்தனை வருஷமாகப் பழகியிருந்தார்கள்.

போன் அடித்தது. பூவராகன்.

"பார்த்தியா? விளையாடறாங்களா?" என்றார் ஆவலாக. "கடல்கிட்ட வந்துட்டாங்களா?"

எதிரில் இருந்த பெண், அம்மாவின் முழங்கையில் எதற்கோ ரெண்டு தட்டுத் தட்டி, கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு தமா? மறுபடி கோடு வெட்டுதா?"

"கோடு இல்லங்க" என்றாள். "நாம அழிச்சிருக்க வேண்டியதே இல்ல. அவன் இங்கதான் இருக்கான், எல்லாரோட விரல்லயும்."

தமயந்தி அழுவதைப் பார்த்து அந்தப் பெண் திரும்பினாள். அவள் மடியில் கவிழ்ந்திருந்த பெட்டிக்குள்ளிருந்து சாத்தையா, கேட்பதற்கு யாருமில்லாமல், "காத்து வரும் மாலுமி. வராம எங்க போகும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.